உப்பைக்கூடக் கேட்காதவள்

அண்ணன் ராஸ்முஸ் மதிய ரயிலில் வருகிறான் என்று சொல்லிப் போன வாரம் உங்களைப் பாதியில் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று எனக்கே காலைக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தூவே. அம்மா பெயர் இங்கெலா. சுவீடனில் ஆர்விகா எங்கள் ஊர். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசில் பாதியைக் கழித்த அம்மா, இந்த வசந்தத்தில் ஒற்றைப் பெட்டியோடு அப்பாவின் வீட்டை விட்டுக் கிளம்பினாள். நான் அப்போது நார்வேயில் ஊர் ஊராகச் சுற்றி, தெருவில் நின்று தர்மத்துக்கு ஆள் சேர்க்கிற வேலையில் இருந்தேன். 'நானும் வரட்டுமா' என்று அம்மா கேட்கவில்லை. வந்து நின்றாள், அவ்வளவுதான். எங்கள் குழுத் தலைவன் சிந்த்ரே முதலில் சிரித்தான், பிறகு சேர்த்துக்கொண்டான்.

எங்கள் வேலையில் காசைத் தொடக் கூடாது. அகதி முகாம்களில் படிக்கிற பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட, மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தருகிறேன் என்று ஒருவர் சம்மதிக்க வேண்டும். அவர் ஃபோன் எண்ணை டேப்லெட்டில் ஏற்றினால் அவருக்கு ஒரு மெசேஜ் போகும். 'ஆம்' என்று பதில் போட்டால் அவர் ஞானப் பெற்றோர். இங்கே அதற்கு அப்படித்தான் பெயர்.

அம்மா இந்த வேலைக்கு வந்ததே வடக்கே போவதற்காகத்தான். கல்யாணமான நாளிலிருந்து, வடகோடியில் கோடையில் அஸ்தமிக்காத சூரியனைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "சூரியனைப் பார்க்க அவ்வளவு தூரமா? ஜன்னலைத் திற" என்பார் அப்பா. எங்கள் வேன் மறுநாள் வடகோடியில் இருக்கும் த்ரூம்சோவுக்குக் கிளம்புகிறது. அதில் அம்மாவுக்கு இடம் உண்டா இல்லையா என்பதுதான் அன்றைய கேள்வி.

காலையில் சதுக்கத்தில் மழை. நாங்கள் அப்போது இருந்த பெர்கனில் மழை ஓயாது, இதைச் செய்தியாகச் சொன்னால் சிரிப்பார்கள். வழக்கம்போல வட்டமாக நின்று கத்தினோம், குதித்தோம், சூடேறியது. வட்டம் கலைந்ததும் சிந்த்ரே அம்மாவின் அருகில் வந்தான். அவள் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் மனுஷன் நல்லவன்.

"இங்கெலா, அந்த டப்பாவைக் குடுங்க."

அம்மா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் விடிவதற்கு முன்னால் எழுந்து சுட்ட ஏலக்காய் பன்.

"நின்னு பேசறவங்களுக்கு ஒண்ணு குடுத்தா என்னப்பா?"

"பன் வாங்கிக்கறாங்க. அவங்க பேரப்பிள்ளை கதையெல்லாம் உங்ககிட்ட சொல்றாங்க. அப்புறம் நன்றி சொல்லிட்டுப் போயிடறாங்க. நாம பரிமாற வரல, கேக்க வந்திருக்கோம். அதுவுமில்லாம, எதையாவது குடுத்து ஆள் சேர்க்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. டோருன் வேற புகார் சொல்லிட்டா."

டோருன் சதுக்கத்து மூலையில் பேக்கரி வைத்திருப்பவள். தன் கடை வாசலிலேயே ஒரு சுவீடன்காரி இலவசமாகப் பன் கொடுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது!

"இன்னிக்கு மூணு பேர்," என்றான் சிந்த்ரே. "கடை அடைக்கறதுக்குள்ள. ஆபீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க. இல்லன்னா வேன்ல உங்களுக்கு இடம் இல்ல. எனக்கு மட்டும் சந்தோஷமா இதைச் சொல்ல?"

டப்பா என் கைக்கு வந்தது. அம்மாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. கரண்டியோ தட்டோ டப்பாவோ இல்லாமல் அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மழைக்கோட்டின் பையில் விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள்.

காலை முழுக்க ஒருவரும் சேரவில்லை. ஒரு பொடியன் அவள் பேச்சைக் கேட்டதும் நின்றான்.

"சுவீடனா? வாழைப்பழம் உரிக்கற வேலை என்ன ஆச்சு?"

நார்வேக்கு வந்த சுவீடன் பிள்ளைகள் ஒரு காலத்தில் தொழிற்சாலையில் வாழைப்பழம் உரித்தார்களாம். இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள்.

"உரிச்சு முடிச்சாச்சு கண்ணு. இப்போ உங்க ஊர்க்காரங்க பர்ஸைத் திறக்கப் பார்க்கறேன். வாழைப்பழமே தேவலை," என்றாள் அம்மா. பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான். "சரி, பஸ்ஸை விட்டுடப்போறே, ஓடு" என்று அவளே அவனை அனுப்பிவைத்தாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆள் சேர்ப்பதில் நான்தான் இந்தக் குழுவில் முதல். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வருகிறவரின் நடையைப் பார்த்தே நிற்பாரா மாட்டாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் அம்மாவிடம் நிற்பதுபோல் ஜனங்கள் என்னிடம் நிற்பதில்லை. என்னிடம் பேசுவார்கள். அவளிடம் மனசைக் கொட்டுவார்கள். அந்த வரத்தை வைத்துக்கொண்டு இவள் பஸ் நேரம் சொல்கிறாள்!

மதியம் ஒரு கடையின் கூரைக்கடியில் ஒதுங்கி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரித்தோம்.

"அம்மா, காலையிலேருந்து நீ ஒருத்தர்கிட்டகூடக் கேக்கல. கவனிச்சியா?"

"எல்லார்கிட்டயும் பேசினேனே."

"பேசினே. 'மாசா மாசம் தருவீங்களா'ன்னு கேட்டியா?"

அம்மா ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கேட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்குமேடி."

"சங்கடப்பட்டா முடியாதும்பாங்க. 'முடியாது'ன்னு கேட்டு யாரும் செத்ததில்ல."

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டுப் பழகல, தூவே."

அது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உப்பு எப்போதும் அப்பா பக்கத்தில் இருக்கும். 'அதைக் கொஞ்சம் நகர்த்துங்க' என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், எடுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து உட்காருவாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே இருப்போம். அது விசித்திரம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ராஸ்முஸ் வந்தான்.

அவன் வங்கியில் வேலை செய்கிறவன். மழைக்கோட்டில்கூடச் சுருக்கம் இருக்காது. கையில் புத்தம்புதுக் குடை. மூலை திரும்பியதும் காற்று அதை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டது. பெர்கனுக்குக் குடையோடு வருகிறவனை என்ன சொல்ல!

"அம்மா, போதும். ராத்திரி ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். பெட்டி எங்க?"

"சாப்பிட்டியாடா?"

"சாப்பாடு கெட்டுது போ. ஊர்ல என்ன பேசிக்கறாங்க தெரியுமா? இங்கெலா வெளிநாட்டுல தெருவுல நின்னு கை நீட்டறாளாம்."

"நீட்டறா. யாரும் பிடிக்கத்தான் மாட்டேங்கறாங்க," என்றேன்.

"நீ சும்மா இரு. எல்லாம் உன்னால வந்தது."

"ஆமா, அம்மாவைக் கடத்திட்டு வந்துட்டேன். போலீஸைக் கூப்பிடு."

அவன் என்னைக் கண்டுகொள்ளாமல் அம்மாவிடம் குரலைத் தணித்தான். "எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல உனக்கு ரூம் ரெடி. வெள்ளையடிச்சாச்சு. இரட்டைப் பசங்களும் 'ஆச்சி எப்போ வருவா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆஸ்த்ரிட் ஆகஸ்டுல வேலைக்குத் திரும்பணும். நீ இருந்தா எங்களுக்கும் நிம்மதி."

ஆஸ்த்ரிட் அவன் மனைவி. அவன் கெட்டவன் இல்லை. வெள்ளையடித்தது நிஜம், பாசமும் நிஜம். அந்த அறை அம்மாவுக்குப் பிடிக்குமா என்று அவன் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. எங்கள் குடும்பமே அப்படி.

அம்மா தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையாட்டப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் தானாகப் பேசியது.

"சரி ராஸ்முஸ். ராத்திரி ரயில்தானே? அதுக்கு முன்னாடி ஒரே ஒரு காரியம். நீ தெருவுல போற ஆள். அம்மா உன்னை நிறுத்தட்டும். உன்கிட்டயே அவளால கேக்க முடியலன்னா, பெட்டியை நானே தூக்கிட்டு வந்து ரயில்ல ஏத்தறேன்."

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?"

"பயமா இருக்கா?"

ராஸ்முஸுக்கு அந்த வார்த்தை ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. உடைந்த குடையை என் கையில் திணித்துவிட்டு, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, வேற்றாள்போல விறுவிறுவென்று நடந்து வந்தான்.

அம்மா பையிலிருந்து கையை எடுத்தாள். நீட்டினாள்.

"வணக்கம். ஒரு நிமிஷம் கிடைக்குமா?"

"நேரமில்லீங்க."

'சரி, பரவாயில்ல, போங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டியபடியே நின்றாள்.

"நான் ஸ்கூல்ல சமையல் பண்ணினவ. திங்கட்கிழமைன்னா உருளைக்கிழங்கு கூடுதலா வேகவைப்போம். யாரும் சொல்லிக் குடுக்கல, தானா வந்த பழக்கம். வெள்ளிக்கிழமை எங்ககிட்ட சாப்பிட்டுப் போனதுக்கு அப்புறம் வயிறு நிறையச் சாப்பிடாத பிள்ளைங்க சில பேர் இருந்தாங்க. திங்கட்கிழமை மூணாவது தட்டுக்கு வந்து நிப்பாங்க. வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க. நானும் ஏன்னு கேக்க மாட்டேன். அள்ளிப் போடுவேன்."

ராஸ்முஸ் நின்றுவிட்டான்.

"அந்த முகாம்ல இருக்கற பிள்ளைங்களுக்கு எல்லா நாளும் திங்கட்கிழமைதான். என் கரண்டி அவ்வளவு தூரம் எட்டாது. உங்க பணம் எட்டும்." அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "மாசா மாசம் தருவீங்களா?"

கேட்டுவிட்டாள்! கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தொழிலிலேயே கஷ்டமான பகுதி அதுதான். கேள்விக்குப் பின்னால் வருகிற மௌனத்தை உளறி உடைக்காமல் இருப்பது. எனக்கு அது வர ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

"இதையெல்லாம் வீட்டுல சொன்னதே இல்லியேம்மா," என்றான் ராஸ்முஸ். "என் பேரைப் போட்டுக்கோ."

"சொந்தக்காரங்க கணக்குல வர மாட்டாங்க. விதி," என்றாள் அம்மா. "கொஞ்சம் தள்ளி நில்லுடா, வழியை மறைக்கறே."

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு என் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முதலில் நின்றது பாய்மரப் படகுக்காரர்போல விலையுயர்ந்த கோட்டு போட்ட ஒரு ஆள். அவள் பாதி சொல்வதற்குள் "சரி சரி, போட்டுக்கோங்க" என்று தலையாட்டி, 'ஆம்' என்று பதிலும் போட்டுவிட்டு நடையைக் கட்டினார். சட்டென்று தலையாட்டுகிறவரை முழுசாக நம்பக் கூடாது என்பது எங்கள் தொழில் பாடம். அந்த நிமிஷத்தில் அதை யார் நினைத்தார்கள்!

அடுத்து வேலை முடிந்து வந்த ஒரு பஸ் டிரைவர்.

"எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துல சாப்பாடே போடறதில்லையேம்மா. வீட்டுலேருந்து ரொட்டி கட்டிக்கிட்டுத்தான் போவோம்."

"ரொட்டி கொண்டு வராத பிள்ளை என்ன பண்ணும்?"

அவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். மறுபடி போட்டுக்கொண்டார். "பசிக்கலன்னு சொல்லும்," என்றார். "நான் அப்படித்தான் சொல்லுவேன்."

"தருவீங்களா?"

அவர் ஃபோனை எடுத்தார். அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கியவர் சட்டென்று விடவில்லை. என் கண்ணில் நீர் முட்டியது. மழை என்று சொல்லிக்கொள்ளலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

ராஸ்முஸ் ஒரு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். டப்பாவை அவனிடம் கொடுத்தேன். ஒரு பன்னை எடுத்துத் தின்றான்.

சாயங்காலம் ஆக ஆகக் கூட்டம் கரைந்தது. அம்மாவுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். நிறுத்துவதற்குத்தான் ஆள் இல்லை. அப்போது பேக்கரி வாசலில் வைத்த பலகையை உள்ளே எடுக்க டோருன் வெளியே வந்தாள். ஆஜானுபாகுவானவள். அவள் கத்தினால் துறைமுகம் வரை கேட்கும்.

அம்மா அவளைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"வேண்டாம்மா," என்றேன். என் வாயிலிருந்தே அது வந்தது!

அவள் அதற்குள் போய்விட்டாள். கையை நீட்டினாள். டோருன் அந்தக் கையையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள்.

"நீயா? என் கடை வாசல்லயே சும்மா பன் குடுத்து என் வியாபாரத்தைக் கெடுத்தவ. இப்போ என்கிட்டயே பணமும் கேக்கறியா?"

"ஆமா," என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். சாக்குச் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னாள். டோருன் பலகையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். கடைசியில் அம்மா தெளிவாகக் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"உன் பன்னுல ஏலக்காய் ஜாஸ்தி," என்றாள் டோருன்.

"சாப்பிட்டீங்களா?"

"எதிரி என்ன விக்கறான்னு பார்க்க வேண்டாமா? ஒரு பையன் வாங்கிட்டு வந்து குடுத்தான்." ஏப்ரன் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். "என் நம்பரைப் போடு. ஆனா ஒண்ணு. நாளையிலேருந்து உன் டப்பாவை இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது."

"நாளைக்கு நான் வடக்கே போறேன்," என்றாள் அம்மா. அவள் அதை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டோருனின் 'ஆம்' வந்ததும் குழு முழுக்கச் சதுக்கத்தில் கூத்தாடியது. சிந்த்ரே அம்மாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் கீழே விட்டான். "கல்லுமாதிரி இருக்கீங்க இங்கெலா!" என்றான். "உருளைக்கிழங்கு மூட்டை தூக்கின உடம்புடா," என்றாள் அவள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. என் அம்மா என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ராஸ்முஸ் மெல்ல வந்தான். கையில் இரண்டு டிக்கெட்.

"ராஸ்முஸ், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் அம்மா.

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. அம்மா எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

"நீ வெள்ளையடிச்ச ரூம் நல்லாத்தான் இருக்கும். பிள்ளைங்க மேல எனக்கு உசிர். வருவேன், பார்ப்பேன், கொஞ்சுவேன். ஆனா அங்க குடியிருக்க எனக்கு இஷ்டம் இல்ல. அதை வேற யாருக்காவது வாடகைக்கு விட்டுடறியா?"

கேட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தாள்.

ராஸ்முஸ் டிக்கெட்டைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கே எனக்கு ஒரு பரிசு தர வேண்டும்.

"வடக்குல குளிருமே," என்றான் கடைசியில். "உன்கிட்ட தடியா ஸ்வெட்டர் இருக்கா?"

அம்மா அவன் கன்னத்தைத் தட்டினாள்.

அப்போதுதான் சிந்த்ரேயின் டேப்லெட் ஒலித்தது. பார்த்தான். அவன் முகம் சுருங்கியதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"இங்கெலா... அந்த விலையுயர்ந்த கோட்டுக்காரர். வேண்டாம்னு மெசேஜ் போட்டுட்டார். கணக்குல ரெண்டுதான் நிக்குது." அவன் என் பக்கம் திரும்பினான், தரையைப் பார்த்தான். "நான் ஆபீஸ்ல பேசிப் பார்க்கறேன். ஆனா அவங்க..."

ராஸ்முஸின் கையில் இன்னும் அந்த இரண்டு டிக்கெட். அவன் அதை மறைக்கப் பார்த்தான், பாவம். எனக்கு அந்தக் கோட்டுக்காரரைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆத்திரம் வந்தது.

அம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் டோருனின் கடைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்துச் செருப்புக் கடையில் ஒருவர் கதவைச் சாத்த வந்துகொண்டிருந்தார். மழையில் தலையைக் குனிந்துகொண்டு, யாரிடமும் நிற்காத நடையில், ஒரே ஒரு பெண் சதுக்கத்தைக் கடந்துகொண்டிருந்தாள். நானாக இருந்தால் அந்த நடையைப் பார்த்ததுமே விட்டிருப்பேன்.

"கடை இன்னும் அடைக்கலையே," என்றாள் அம்மா.

கோட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, முகம் தெரியும்படி நடந்தாள். அவள் கை பைக்குள் போகவில்லை.

"வணக்கம்," என்ற குரல் மழையைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. "ஒரு நிமிஷம் கிடைக்குமா?"

அந்தப் பெண்ணின் நடை மெதுவானது.